சூசையின் நூற்று அறுபத்துமூன்று பாகை

கோத்தகிரியிலிருந்து வந்த வான்கடிதத்தை நான் உடனே பிரிக்கவில்லை. ஆண்டு பத்து விடைத்தாள்கள் இருபத்தாறு மீதமிருந்தன. அவற்றைத் திருத்தி, சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டுத்தான் பிரித்தேன். முகவரியில் இருந்த கையெழுத்து சூசையினுடையது அல்ல என்பதைக் கண்டிருந்தேன். அந்தப் பயத்தில்தான் விடைத்தாள்களுக்குள் ஒளிந்துகொண்டேன். அவருடைய தங்கை பிலோமினா எழுதியிருந்தாள்: "டீச்சர், அண்ணே போன மாசம் தவறிட்டாங்க. நெஞ்சுச் சளிதான். மூணு நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம், காப்பாத்த முடியல. உங்களுக்கு எழுதணும்னு தோணுச்சு." அவ்வளவுதான் கடிதம். மீதி இடம் வெறுமையாகக் கிடந்தது.

ஹட்டனில் எங்கள் பாடசாலையில் எழுபதுகளில் படித்த உங்களில் பலருக்கு அவரைச் 'சூசை அண்ணே' என்றால்தான் தெரியும். இரசாயன ஆய்வுகூடத்தின் உதவியாளர். விரல் நுனிகளில் வெள்ளி நைத்திரேற்றின் கறுப்பு. சட்டைப்பையில் எப்போதும் ஒரு கண்ணாடிக் குழாய். பாடசாலை மலருக்கு அவரைப் பற்றி ஒரு நினைவுக் குறிப்பு எழுதித் தரும்படி அதிபர் கேட்டபோது, 'இரண்டு பக்கம் போதும் டீச்சர், நல்லதாக நாலு வார்த்தை' என்றார். சூசையைப் பற்றி எழுத என்னிடம் நல்லதைத் தவிர வேறொன்றும் இல்லை. கெட்டது எல்லாம் என்னைப் பற்றியதுதான், அதையும் சேர்த்தே எழுதுகிறேன். அதிபர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே மாற்றலாகி வந்த முதல் நாள், இரண்டு கம்பளிச் சட்டைகளைப் போட்டுக்கொண்டும் நடுங்கியபடி ஆய்வுகூடத்துக்குள் போனேன். போனதும் தட்டில் விரலை வைத்துத் தூசு இருக்கிறதா என்று பார்த்தேன். என்னுடைய சுத்தம் பெயர்போனது. உங்களில் எத்தனை பேரைத் திரும்பவும் குழாயடிக்கு அனுப்பியிருப்பேன் என்பது உங்களுக்கே தெரியும். தூசு இல்லை. ஆனால் சோதனைக் குழாய்கள் ஈரமாக இருந்தன. "இதென்ன, ஒண்டும் காயேல்லை? ஈரக் குழாயிலேயோ பிள்ளையள் பரிசோதனை செய்யிறது?" என்று சத்தம் போட்டேன். சூசை மெல்லச் சிரித்தார். "இந்தக் குளிர்ல எதுவும் காயாதுங்க டீச்சர். எங்க சட்டையே காய மூணு நாளாகும். வேணும்னா அடுப்புப் பக்கமா வச்சுத் தர்றேங்க" என்றார். அடுத்த நாளிலிருந்து எனக்கு ஈரக் குழாய் வந்ததேயில்லை. அந்த மனிதரோடு நான் சண்டை போட்டது அன்று ஒரு நாள்தான். அதற்குப் பிறகு சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிள்ளைகளிடம் அவர் அடிக்கடி சொல்வது இரண்டு வசனங்கள்தான். கரைசல் கலங்கிவிட்டது என்று யாராவது பதறினால், "கலங்கினா சும்மா வைங்க, கிண்டாதீங்க" என்பார். குறிப்புப் புத்தகத்தில் வரவேண்டிய விடையை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பவனைக் கண்டால், "கண்ணுல பட்டத எழுதுங்க தம்பி, மனசுல பட்டத அப்புறம் எழுதிக்கலாம்" என்பார். நான் பட்டம் பெற்றவள். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் எனக்குப் புரியாத ஒன்றை இந்த ஒரு வசனத்தில் புரிந்துகொண்டேன். ஆனால் அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அவருக்கு ஏன் பட்டம் இல்லை என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வரி. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியலில் அவர் எடுத்த பெறுபேறு நான் எடுத்ததைவிட மேலானது. ஆனால் தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தத்தின் கீழ், குடும்பம் முழுவதும் இந்தியாவுக்கு எழுதப்பட்டிருந்தது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு இங்கே கதவு ஏது? அரசாங்கம் பொறுப்பெடுக்காமல் விட்ட தேவாலயப் பாடசாலை என்பதால் எங்களிடம் உதவியாளராக இருக்க முடிந்தது. தாயார் படுத்த படுக்கையாக இருந்ததால் பயணம் ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போனது. "எப்பக் கூப்பிடுவாங்கன்னு தெரியாதுங்க. அதுவரைக்கும் இதக் கழுவிக்கிட்டிருப்போம்" என்று முகவையைத் தேய்த்தபடி சொல்வார்.

கழுவுவதோடு அவர் நிற்கவில்லை. முந்திய அதிபரான பாதிரியார் ஊருக்குப் போகும்போது ஒரு தடித்த சேதன இரசாயனப் புத்தகத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் ஓர் இடத்தில் அவர் மாட்டிக்கொண்டார். பென்சீன் வளையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் புரோமீனை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு அமைட்டை அதன் நைதரசன் பக்கமாகப் பொருத்துவது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் மாத்திரையும் இந்த வம்சத்துச் சேர்வைதான். கேட்கச் சுலபமாக இருக்கும். வளையம் இலேசில் அசைந்துகொடுக்காது. செம்பு ஊக்கியாக இருந்தால் மட்டும், இருநூறு பாகைக்கு மேல் நாள் முழுக்கக் காய்ச்சினால், தாரும் கரியுமாகக் கொஞ்சம் கிடைக்கும் என்று புத்தகம் சொன்னது. சூசை இதை எனக்கு விளக்கியது இப்படி: "ரெண்டு வீட்டுக்காரங்களும் மொகம் குடுத்துப் பேசமாட்டாங்க டீச்சர். செம்பு தரகர் மாதிரி. ரெண்டு பக்கமும் கையப் புடிச்சுப் பேசி முடிச்சிட்டு, தான் வெலகிக்கும்." கல்யாணமாகாத நாங்கள் இருவரும் தரகரைப் பற்றிப் பேசிச் சிரித்தோம்.

ஆய்வுகூடத்துச் செம்புத்தூள் ஒன்றுக்கும் உதவவில்லை. அப்போதுதான் அவருடைய பெரியண்ணன் கைகொடுத்தார். அவர் தோட்டத்தில் மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை செய்தவர். தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோய்க்கு அடிக்கும் அந்தச் செங்கல் நிறத் தூள் வேறொன்றுமில்லை, குப்பிரசு ஒட்சைட்டு, அதாவது செம்புதான். ஸ்டோரில் சிந்திக் கிடந்ததை அள்ளி, வீட்டில் தேயிலைத்தூள் வைத்திருந்த பழைய டின்னில் போட்டு அண்ணன் கொண்டுவந்து தந்தார். சூசை அதில் ஒரு கரண்டி எடுத்து, புரோமோபென்சீனோடும் பென்சமைட்டோடும் பொற்றாசியம் காபனேற்றோடும் சேர்த்து, தேங்காயெண்ணெய்ச் சட்டியில் குடுவையை இறக்கிச் சூடாக்கினார். பாடசாலை முழுக்க வடை சுடும் வாசம் அடித்தது என்று நீங்கள் எல்லாம் கேலி செய்தீர்களே, அது அந்த வாரம்தான். நூற்று ஐம்பது பாகைக்குக் கீழேயே, காலைச் செபத்துக்கும் பாடசாலை விடும் மணிக்கும் இடையில், அலுவல் முடிந்தது. வெள்ளைத் தகடுகளாகப் பளிங்கு இறங்கியது. உருகுநிலை நூற்று அறுபத்துமூன்று. புத்தகத்தில், வரவேண்டிய சேர்வையான பென்சனிலைட்டுக்குப் போட்டிருந்தது அதே எண்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். போட்ட பென்சமைட்டும் வெள்ளைப் பளிங்குதான். அது உருகுவது நூற்று இருபத்தெட்டில். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம், வெப்பமானி ஒன்றுதான் சாட்சி. அந்த வெப்பமானியைப் பார்த்தவர் சூசை மட்டும். ஆறு தடவை செய்தார், ஆறு தடவையும் அவரே பார்த்தார், அவரே எழுதினார். நான் எட்டிப் பார்த்து, 'நல்ல வடிவான பளிங்கு' என்று மட்டும் சொன்னேன்.

எனக்குக் கற்பித்த பேராசிரியர் ஒருவருக்கு இதைப் பற்றி எழுதினேன். பதில் உடனே வந்தது. இவ்வளவு குறைந்த சூட்டில் நடப்பதாக இருந்தால் நேரில் பார்க்க வேண்டும், நடந்தால் அவரைத் தன் ஆய்வுகூடத்துக்கு எடுத்துக்கொள்வேன், இந்தியக் கடவுச்சீட்டுக்காரராக இருந்தாலும் வதிவிட விசாவுக்குத் தானே கடிதம் தருவேன் என்று எழுதியிருந்தார். கடிதத்தைச் சூசை நின்றபடியே வாசித்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து இன்னொரு தடவை வாசித்தார். "அப்ப நாங்க போகவேண்டியதில்லையா டீச்சர்?" என்றார். 'நாங்க' என்றது தாயையும் தங்கையையும் சேர்த்து.

பேராசிரியர் ஒரு சனிக்கிழமை வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சூசை தாய்க்கு மருந்து வாங்கப் போயிருந்தார். நான் ஆய்வுகூடத்தை ஒழுங்குபடுத்தினேன். மேசைக்கு மேல் அந்த டின். துருப்பிடித்த மூடி, உள்ளே செந்தூளில் கறுப்புக் கறுப்பாகத் தேயிலைத் துகள்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற பெரிய மனிதருக்கு முன்னால் இப்படி ஒரு அழுக்கு டின்னையா வைப்பது? எனக்கு மானம் போய்விடும்போல் இருந்தது. துணியில் சலித்தேன். மிஞ்சியதைச் சுடுநீரில் நாலு தடவை, மதுசாரத்தில் இரண்டு தடவை கழுவி, உலர்த்தி, புதிய போத்தலில் போட்டு, என் வடிவான கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டினேன். சூசை வந்தபோது சந்தோஷமாகக் காட்டினேன்.

"கழுவிட்டீங்களா டீச்சர்?"

"ஓம். குப்பை எல்லாம் எடுத்துப்போட்டன். எவ்வளவு துப்புரவா இருக்கு, பாருங்கோ."

போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குங்க" என்றார். அவர் தயங்கியது எனக்குத் தெரிந்தது. என் பெருமையில் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

சனிக்கிழமை எண்ணெய்ச் சட்டி காலை எட்டு மணிக்குச் சூடேறியது. பேராசிரியர் மிக நல்லவர். சூசையோடு கதைத்துக்கொண்டிருந்தார், தோட்டத்தைப் பற்றிக் கேட்டார், மருந்துத்தூள் கதையைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். மூன்று மணிக்குக் குடுவையை ஆறவிட்டு, கழுவி எடுத்து, உருகுநிலை பார்த்தார்கள். நூற்று இருபத்தெட்டு. போட்டது போட்டபடியே திரும்பி வந்திருந்தது. இன்னொரு சிட்டிகை எடுத்துப் பார்த்தார்கள். நூற்று இருபத்தெட்டு. "இதற்கு முன்பு யார் வாசித்தது?" என்று பேராசிரியர் கேட்டார். "நாந்தாங்க" என்றார் சூசை. பேராசிரியர் தலையாட்டினார். அவருக்கு ஸ்டேசனில் கோச்சி பிடிக்க நேரமாகியிருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் சூசை அதே போத்தலிலிருந்து எடுத்து எடுத்துச் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் என் மேசைக்கு வந்து, "டீச்சர், அந்தத் தூசில ஏதாச்சும் இருந்திருக்குமா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். "என்ன சூசை, தேயிலைத் தூசு போய் ரசாயனம் செய்யுமே? அப்பிடியெண்டா நாங்கள் எல்லாத்தையும் தேத்தண்ணிக்குள்ளயே காய்ச்சலாமே!"

அவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. கேட்ட மனிதர் சரியாகக் கேட்டிருக்கிறார், சிரித்த நான் பட்டதாரி. பேராசிரியரின் கடிதம் அந்த வாரம் வந்தது. மரியாதையான கடிதம்தான். அளவீடுகளைக் குறிக்கும்போது ஆசை குறுக்கே வரக்கூடாது என்று ஒரு வரி அதில் இருந்தது. சூசை அந்த வரியில் விரலை வைத்தபடி, "பொய் சொல்லலைங்க. ஆனா தப்பாப் பாத்திருக்கேன். ஆறு தடவையும் தப்பாப் பாத்திருக்கேன்" என்றார். தாயார் அடுத்த மாதம் இறந்தார். பயணத்தைத் தள்ளிப்போட இனிக் காரணம் இல்லை.

தவணை விடுமுறையில் நான் மட்டும் ஆய்வுகூடத்தைத் துப்புரவாக்கினேன். தொட்டிக்கு அடியில் அந்தப் பழைய டின் கிடந்தது. கழுவலாம் என்று எடுத்தேன். மூலையில் செந்தூளும் தேயிலையும் சேர்ந்து ஒரு பொருக்கு. என்ன தோன்றியதோ, சுரண்டி எடுத்து, சூசை செய்ததைப் போலவே எண்ணெய்ச் சட்டியில் வைத்தேன். பின்னேரம் வெள்ளைத் தகடுகள் இறங்கின. உருகுநிலை நூற்று அறுபத்துமூன்று. குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினேன். மறுநாள் நான் கழுவி வைத்த சுத்தமான போத்தலிலிருந்து செம்பெடுத்து, ஆசிரியர் அறையிலிருந்த தேயிலைத்தூளில் ஒரு சிட்டிகை சேர்த்தேன். நூற்று அறுபத்துமூன்று. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. இலையில் இருக்கும் ஏதோ ஒன்று செம்பைப் பிடித்து வேலை வாங்குகிறது. அது எதுவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம், சூசை ஆறு தடவையும் சரியாகத்தான் பார்த்தார் என்பதும், நடந்துகொண்டிருந்ததைக் கழுவி ஊற்றியவள் நான் என்பதும்.

ஏன் சொல்லவில்லை? பத்து வருடத்துக்கு மேலாக இதற்கு விதவிதமான பதில்கள் வைத்திருந்தேன். இன்னும் ஒருமுறை செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்றேன். பேராசிரியருக்கு முதலில் எழுதவேண்டும் என்றேன். எழுத உட்கார்ந்து, 'நான் கழுவியதால்' என்ற சொல் வந்ததும் பேனையை வைத்தேன். வெட்கம். வேறொன்றும் இல்லை. ஒரு லயத்துப் பிள்ளை கேட்ட கேள்விக்குச் சிரித்துவிட்டு, அதே கேள்விக்கு அவனிடமே போய் 'ஓம், நீர் சொன்னது சரி' என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அப்படி ஒரு அகம்பாவம் எனக்குள் இருந்தது என்பதை அவரை இழந்த பிறகுதான் எழுத முடிகிறது.

ஹட்டன் ஸ்டேசனில் வழியனுப்பப் போனேன். இந்தியாவுக்குப் போகிறவர்களின் அந்தக் கோச்சி புறப்படும் நாட்களில் அங்கே எழும் அழுகையை நீங்கள் அறிவீர்கள். ஜன்னலுக்கு ஜன்னல் கைகளைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். பிலோமினா ஒரு பெட்டிக்கு மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சூசை அழவில்லை. ஜன்னலால் குனிந்து, "டீச்சர், பேராசிரியர் கிட்ட மட்டும் சொல்லிடுங்க. ஏமாத்தணும்னு செய்யலைன்னு" என்றார்.

நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அவர் இறங்கியிருப்பாரோ என்னவோ. அது நடக்காமல் போயிருந்தாலும், தலை நிமிர்ந்து போயிருப்பார். "ஓம் சூசை, சொல்லிவிடுறன்" என்றேன். கோச்சி போய்விட்டது. பேராசிரியரிடமும் சொல்லவில்லை.

வருடத்துக்கு ஒரு தடவை, டிசம்பரில், கோத்தகிரியிலிருந்து நத்தார் வாழ்த்து வரும். நலம், நலமறிய ஆவல், தங்கைக்குக் கல்யாணம், இங்கேயும் இதே குளிர். அங்கேயும் தேயிலைத் தோட்டம்தான், தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கி மூட்டை தூக்கும் வேலை என்று எழுதியிருந்தார். இவ்வளவு படித்தவர் ஏன் மூட்டை தூக்குகிறார் என்று ஒரு தடவைகூட நான் கேட்டு எழுதவில்லை.

பிலோமினாவின் முதல் கடிதத்துக்கு நான் அனுதாபம் எழுதினேன். வழக்கமான வார்த்தைகள். போன கிழமை அவளிடமிருந்து நீளமான பதில் வந்தது. அதில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"ஃபேக்டரியில தொர அண்ணனுக்கு ட்ரையர்ல சூடு பாக்கிற வேல குடுத்தாருங்க. மீட்டரப் பாத்து எழுதுனாப் போதும், மூட்ட தூக்க வேண்டாம்னாரு. அண்ணே மாட்டேன்னுட்டாங்க. 'எங்கண்ண நம்பக் கூடாது சார், பாக்க நெனைக்கிறதத்தான் பாக்கும்'னு சொன்னாங்களாம். அப்புறம் கொழுந்து நிறுக்கிற வேலயும் வந்துச்சு. அதுக்கும் அதே பதில். அந்த மூட்டத் தூசியிலேயே கெடந்துதான் நெஞ்சு போச்சு. வீட்டுல காய்ச்சல் பாக்கக்கூட தெர்மாமீட்டர எங்கிட்டத் தந்து, 'நீ பாரு பிலோ'ம்பாங்க. அங்க ஹட்டன்ல அண்ணே அப்படி என்னாங்க டீச்சர் தப்பு செஞ்சாங்க? நாங்க கேட்டா சொல்லவே இல்ல. நீங்களாவது சொல்லுங்க."

பிலோமினா, உன் அண்ணன் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் பார்த்த எண் சரி. அதை நான் மூன்று நாள் என் கண்ணால் பார்த்தேன், குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன், புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒரு மனிதர் தன் கண்களையே நம்பாமல் பத்து வருடம் மூட்டை தூக்கியது, நான் ஒரு வசனம் சொல்லாததால். என்னை மன்னி என்று உன்னிடம் கேட்கமாட்டேன். கேட்கவேண்டியவர் போய்விட்டார்.

சூசையை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடையதாக ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு சொல், ஒரு சிரிப்பு, எண்ணெய்ச் சட்டி வாசம். அவர் உங்களுக்குக் கொடுத்தவை அவை. என்னிடம் இருப்பது அவர் கொடுத்ததல்ல. அவருக்குச் சேரவேண்டியதை நான் எடுத்து வைத்துக்கொண்டது. மேலே எழுதியவற்றை அந்தக் குறிப்புப் புத்தகத்தின் மூன்று பக்கங்களோடு சேர்த்து இன்று காலை பதிவுத் தபாலில் கோத்தகிரிக்கு அனுப்பினேன். பெறுபவர் என்ற இடத்தில் என்னை அறியாமல் சூசையின் பெயரை எழுதிவிட்டேன். தபாற்கந்தோரில் இருந்த பிள்ளை, "டீச்சர், இவர் கையெழுத்துப் போட்டு எடுக்கோணும்" என்றாள். பெயரை வெட்டிவிட்டுத் தங்கையின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.